திதியும் அதிதியும்

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். இல்லத்துக்குப் புதிதாக வருபவர் விருந்தினர். வடமொழியில் அவரை அதிதி என்பர். வருவதற்கென்று ஒரு திதியைக் குறித்துக்கொள்ளாமல் வருபவர் அதிதி என்று பெரியோர் விளக்கம் கூறுவதுண்டு. பிதிருக்களோ திதி பார்த்து வருபவர்கள். சென்ற ஆண்டு புரட்டாசியில், மயிலாப்பூரில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு இவ்விருவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தனர். அன்று நாங்கள் பட்ட சங்கடத்தையும், அது தீர்ந்த விதத்தையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

தனியாக வைத்த ஒரு வாணலி

எங்கள் மகள் பணியின் பொருட்டு மெக்சிகோ நாட்டில் புவேப்லா என்னும் நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தாள். புகை கக்கும் போபோகாடெபெட்டில் என்ற எரிமலை அவ்வூரிலிருந்து பார்த்தால் தெரியும். அவள் மாடியில் குடியிருந்த வீட்டின் தலைவி, எங்கள் பெண் சைவம் என்று அறிந்த நாள் முதல் தம் சமையலறையில் ஒரு வாணலியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அந்நாட்டில் அன்றாடம் உண்ணும் அவரைப் பயற்றைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். இவளுக்கு மட்டும் எண்ணெயில் வதக்கித் தனி வாணலியில் வைத்துத் தருவாராம். விருந்தினர் யாரேனும் அறியாமல் அதைத் தொட்டால், "அது இந்தியப் பெண்ணுடையது" என்று தடுத்துவிடுவாராம்.

மகள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, என் மாமியார் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவருக்கு வயது 84. மடியிலும் ஆசாரத்திலும் இன்றளவும் தளராதவர். "முகம் தெரியாத ஒருத்தி நம் குழந்தைக்கு மடியாகச் சமைத்துப் போடுகிறாள்" என்று மட்டும் பிறகு சொன்னார்.

ஆகவே, அந்த அம்மையாரின் மகள் பரதநாட்டியம் பயிலப் பத்து வாரம் சென்னைக்கு வர விரும்பியபோது, எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று நாங்களே வற்புறுத்தினோம். ஆவணி மாதக் கடைசியில் அவள் வந்தாள்.

பூக்கடையில் ஒரு வியப்பு

வந்த அன்றே ஒரு சிறு தடுமாற்றம். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவது அவர்கள் நாட்டில் பெரியோரை வணங்கும் முறை. பாசத்துடன் அவள் குனிந்தாள். அப்போதுதான் நீராடி மடியுடுத்தி வந்த என் மாமியார் இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அன்று மாலை மகள் தொலைபேசி வழியே இரு தரப்புக்கும் விளக்கம் சொன்னாள். மறுநாள் காலை அந்தப் பெண் நான்கடி தள்ளி நின்று இரு கை கூப்பி, "நமஸ்காரம் பாட்டி" என்றாள். அவளுடைய பெயரில் நம் நாவுக்கு வராத ஓர் ஒலி இருந்ததால், மாமியார் அவளைக் "குழந்தை" என்றே அழைக்கத் தொடங்கினார். அதுவே வீட்டில் அவள் பெயராயிற்று.

அவள் பேசுவது ஸ்பானிய மொழி. அம்மொழியிலும் நம்மைப் போலவே "நீ" என்பதற்கு ஒரு சொல்லும், "நீங்கள்" என்பதற்கு வேறொரு சொல்லும் உண்டாம். ஆகையால் மரியாதைப் பன்மையை அவளுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாம் உண்ணும் சப்போட்டாவின் பெயர், மெக்சிகோவின் பழங்குடி மொழியில் பிறந்து ஸ்பானிய மொழி வழியே நமக்கு வந்தது. அதற்கு ஈடாக நம் மாங்காய் "மாங்கோ" என்ற பெயரில் அங்கே போயிருக்கிறது. புளியைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பருகுவது அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. எங்கள் வீட்டு அம்மியைக் கண்டதும் அவள் ஓடிச் சென்று அதன் அருகில் அமர்ந்தாள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, இதே போன்ற கல்லில்தான் அவளுடைய பாட்டி அரைப்பாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை பூ வாங்க மாடவீதிக்கு அவளை அழைத்துச் சென்றேன். கூடை கூடையாகக் குவிந்திருந்த செண்டுமல்லியின் முன் அவள் அசையாமல் நின்றுவிட்டாள். பிறகு பக்கத்திலிருந்த நிலச்சம்பங்கி மாலையை முகர்ந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. இரண்டுமே மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட மலர்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாம் தலைமுறை தலைமுறையாக இறைவனுக்குச் சாற்றி வரும் நிலச்சம்பங்கி அவள் ஊரிலிருந்து கடல் கடந்து வந்தது! செண்டுமல்லியை அங்கே மறைந்த முன்னோருக்கு உரிய மலராகப் போற்றுகிறார்கள். அவள் பாட்டி காலமாகி அப்போது ஓராண்டு கூட நிறையவில்லை.

கொடிமரத்தின் அருகில்

அன்றே கபாலீசுவரர் கோயிலுக்கும் சென்றோம். வெளிப் பிராகாரத்தில் அங்கம்பூம்பாவையின் சந்நிதியைக் காட்டி, பாம்பு தீண்டி மறைந்த பெண்ணின் அஸ்தியைத் தந்தை சிவநேசர் குடத்தில் இட்டுக் காத்ததையும், திருஞானசம்பந்தர் மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றைக் காணாமலே போவாயோ என்று பாடி அழைத்து அவளை எழுப்பியதையும் சொன்னேன். அவள் மிகவும் கவனமாகக் கேட்டாள்.

கொடிமரத்தை நெருங்கியபோது, இந்துக்கள் அல்லாதார் அதற்கு அப்பால் செல்லலாகாது என்ற விதியை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். மாமியார் தயங்கவில்லை. "இது கோயிலின் விதி. அதை மீறக் கூடாது. ஆனால் உன்னைத் தனியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போகப் போவதில்லை" என்று சொல்லி, என்னை மட்டும் அர்ச்சனைத் தட்டுடன் அனுப்பிவிட்டு அவளோடு அமர்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் சந்நிதிக்குச் சென்று தரிசிக்கத் தவறாதவர் அவர்.

நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சென்று தரிசித்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கினர். கோயிலுக்குள் வேறு எந்தச் சந்நிதியிலும் விழுந்து வணங்கலாகாது, கொடிமரத்தின் அருகில்தான் வணங்க வேண்டும் என்பது நம் மரபு அல்லவா? "எல்லோரும் கடைசியில் வந்து விழும் இடத்தில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எழுந்து, மற்றவர்களைப் பார்த்துத் தானும் வணங்கினாள்.

திதி வந்தது

புரட்டாசித் தேய்பிறையில் என் மாமனாரின் திதி. விருந்தினரை வரச் சொன்னபோது அந்த நாளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாள் நெருங்கியதும் கவலை பிடித்துக்கொண்டது. சிராத்தத்துச் சமையலை அயலார் பார்க்கலாகாது. சாப்பாடு முடியப் பிற்பகலாகும். அதுவரை வீட்டில் வேறு எவரும் உண்ணலாகாது. பிதிரு சேஷத்தைப் பிறருக்கு அளிப்பதும் எங்கள் குடும்ப வழக்கத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "இரண்டு நாள் ஏதேனும் விடுதியில் அறை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பெண், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்" என்று யோசனை சொன்னார். என் கணவருக்கும் அதுவே சரி என்று பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

மாமியார் ஒப்பவில்லை. "அவள் தாய் நம் குழந்தைக்குத் தனி வாணலி வைத்தாளே தவிர, வெளியே போய்ச் சாப்பிடு என்று சொல்லவில்லை. விருந்தை வாசலுக்கு அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு அவருக்கு இலை போடுவேன்?" என்றார். ஆனால் மடியையும் விட மாட்டார். இரண்டையும் பற்றிக்கொண்டு அவர் இரவெல்லாம் உறங்கவில்லை.

மறுநாள் எங்கள் வாத்தியாரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "இல்லறத்தான் செய்ய வேண்டிய வேள்விகள் ஐந்து என்று சாஸ்திரம் விதிக்கிறது. அவற்றுள் பிதிருக்களுக்குச் செய்வதும் உண்டு, மனிதருக்குச் செய்வதும் உண்டு. வள்ளுவரும் தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றைத் தள்ளச் சொல்லவில்லை. முறை தப்பாமல் வரிசையாகச் செய்யுங்கள்" என்றவர், வழியும் சொன்னார். அந்தப் பெண் மாடி அறையில் இருக்கலாம். சிராத்தம் நடக்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் வரலாகாது. சேஷம் பங்காளிகளுக்கே உரியது. எல்லாம் நிறைவுற்றபின் அவளுக்கென்று தனி அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடலாம்.

அன்றிரவு எதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னோம். காலையில் அவளுக்கு மட்டும் ரொட்டியும் பழமும் மாடிக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். "தாத்தா சாப்பிடுவதற்கு முன்னால் நான் எப்படிச் சாப்பிடுவது?" என்று கேட்டாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் மெக்சிகோ முழுவதும் இறந்தோர் தம் இல்லங்களுக்கு வருவதாக நம்புகிறார்கள். முதல் நாள் குழந்தைகளாக மறைந்தவர்களுக்கு, மறுநாள் பெரியோருக்கு. ஸ்பானியர் அங்கே காலூன்றுவதற்கு முன்பிருந்த பழங்குடி வழக்கமும், பின்னர் வந்த கிறிஸ்தவமும் கலந்த வழிபாடு இது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. வீட்டில் ஒரு மேடை அமைத்து, மறைந்தவரின் படம், விளக்கு, உப்பு, அவர் விரும்பி உண்ட பண்டங்கள் ஆகியவற்றை வைப்பார்கள். நம் குங்கிலியம் போன்ற ஒரு பிசினைப் புகைப்பார்கள். வாசலிலிருந்து மேடை வரை செண்டுமல்லி இதழ்களைத் தூவி வழி காட்டுவார்கள். நெடுந்தூரம் நடந்து வருபவருக்குத் தாகம் எடுக்குமென்று ஒரு குவளைத் தண்ணீர் கட்டாயம் இருக்கும். அவர்கள் வந்து மணத்தை நுகர்ந்து சென்ற பிறகுதான் வீட்டார் அவற்றை உண்பார்கள்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணீர் வைக்கிறார்களா?" என்று மறுபடியும் கேட்டார். எள்ளும் தண்ணீரும் இறைத்தே பழகிய குடும்பம் எங்களுடையது.

திதியன்று அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. பிண்டம் வைத்துக் காக்கைக்குச் சோறிட்டபோது சாளரத்தில் அவள் முகம் தெரிந்தது. காக்கை வந்து எடுத்ததும் எங்களோடு அவளும் கை கூப்பினாள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலிருந்து நெடுந்தொலைவு பறந்து மொனார்க் என்னும் பட்டாம்பூச்சிகள் மெக்சிகோவின் மலைக்காடுகளை அடைவதும் நவம்பர் தொடக்கத்தில்தான். மறைந்தோரின் ஆவிகளே அவ்வாறு வருவதாக அங்குள்ளோர் கருதுவார்கள் என்று பிறகு சொன்னாள்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் எல்லாம் நிறைவுற்றது. பின்கட்டில் சிறிய அடுப்பை மூட்டி, என்னை விலகச் சொல்லிவிட்டு மாமியாரே சமைத்தார். மிளகு ரசம், வாழைக்காய்ப் பொடிமாஸ், பருப்பு, ஒரு பாயசம். காரம் விரும்பும் நாட்டுப் பெண்ணுக்கு அன்று மட்டும் மிளகாய் ஏன் இல்லை என்று தெரியவில்லை. கேட்டாள். சிராத்தத்தன்று வீட்டில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான் என்றேன். மரபு மாறாத கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் இன்றும் அப்படித்தான். மிளகாய் நம் நாட்டுக்குப் போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வழியே வந்து சுமார் 500 ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதன் தாயகம் அவள் பிறந்த மண்! "என் ஊர்க்காயை உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். மாமியாரும் சிரித்தார். திதியன்று அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

யாருமற்றவளுக்கு ஒரு கை நீர்

சில நாள் கழித்து, புவேப்லாவில் இந்தியர்கள் உண்டா என்று மாமியார் அவளைக் கேட்டார். அதற்கு விடையாக ஒரு வரலாறு சொன்னாள். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிறந்த ஒரு சிறுமியைக் கடற்கொள்ளையர் கவர்ந்து சென்றனர். கொச்சி, மணிலா என்று கைமாறி, பசிபிக் பெருங்கடலைக் கடந்து, புவேப்லாவில் அடிமையாக விற்கப்பட்டாள். கத்தரீனா தே சான் ஹுவான் என்று பெயர் பெற்றாள். பின்னர் விடுதலை பெற்று, தவ வாழ்வு வாழ்ந்து, ஊர் மக்களால் புனிதவதியாகப் போற்றப்பட்டு 1688இல் மறைந்தாள். ஆசியாவிலிருந்து வந்த எல்லோரையும் அக்காலத்தில் அங்கு சீனர் என்றே அழைத்ததால், "புவேப்லாவின் சீனப் பெண்" என்று இன்றும் அவளை நினைவுகூர்கிறார்கள்.

கதை முடிந்ததும் மாமியார் கேட்டது ஒன்றே. "அவளுக்குப் பிள்ளைகள் உண்டா?" இல்லை என்று தெரிந்ததும் மௌனமானார்.

மகாளய அமாவாசையன்று என் கணவர் தர்ப்பணத்துக்கு அமர்ந்தார். தாயோ தந்தையோ உற்றாரோ எவருமின்றிப் போனவர்களுக்கும் நீர் இறைக்கும் பகுதி அதில் உண்டு. அந்த இடம் வந்தபோது மாமியார் உள்ளிருந்தபடியே, "அந்த ஊருக்குப் போன நம் பெண்ணையும் நினைத்துக்கொள்" என்றார். வேண்டி அழைக்கப்பட்டு அவ்வூருக்குப் போனவள் எங்கள் மகள். இழுத்துச் செல்லப்பட்டவள் அவள். என் கணவர் மறு பேச்சின்றி ஒரு கை எள்ளும் நீரும் கூடுதலாக விட்டார்.

ஒரு குவளைத் தண்ணீர்

ஐப்பசியில் நவம்பர் 2ஆம் நாள் வந்தது. தன் பாட்டியின் முதல் நினைவு நாளில் ஊரில் இல்லையே என்று அந்தப் பெண் இரண்டு நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. மாமியார் அதைக் கவனித்திருந்தார். பூஜை அறையில் மறைந்தோர் படத்தை வைப்பது வழக்கமில்லை என்பதால், கூடத்தில் மாமனாரின் படத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டுக் கோலமிட்டார். அவள் பாட்டியின் படத்தை அதில் வைக்கச் சொன்னார். நான் மாடவீதியிலிருந்து செண்டுமல்லி வாங்கி வந்தேன். வாசற்படியிலிருந்து பலகை வரை அவள் இதழ்களைத் தூவினாள். அதிரசமும் சப்போட்டாவும் வைத்தோம். சாம்பிராணி புகைந்தது. தண்ணீரை மட்டும் மாமியாரே வெள்ளிக் குவளையில் கொண்டுவந்து வைத்தார். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். மடியில் இருந்த மாமியார் இந்த முறை பின்வாங்கவில்லை. பிறகு மீண்டும் ஒருமுறை நீராடிக்கொண்டார்.

அந்நிய நாட்டவரை இல்லத்தில் ஏற்றால் நம் ஆசாரம் கெட்டுவிடுமோ என்று தயங்கும் பெரியோர் பலரை நான் அறிவேன். நானும் தயங்கியவள்தான். எங்கள் வீட்டில் ஒரு விதியும் தளர்த்தப்படவில்லை. முகத்தைச் சுளிக்காமல், முதல் நாளே, காரணத்தோடு எடுத்துச் சொன்னோம். சொன்னதை அவள் மதித்தாள். விதி அவளை நிறுத்திய இடங்களில் எங்களுள் ஒருவர் அவளோடு நின்றோம். அவ்வளவே நாங்கள் செய்தது.

மெக்சிகோவில் தம் வீட்டைப் பிறரிடம் குறிப்பிடும்போது "என் வீடு" என்னாமல் "உங்கள் வீடு" என்று சொல்வது மரியாதையாம். ஊருக்குப் புறப்படும் நாளில் அவள் தமிழில் மாமியாரிடம் சொன்னாள்: "பாட்டி, புவேப்லாவில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு நீங்கள் வர வேண்டும்."

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வேறுபாடு. நாங்கள் கூடத்தில் பூ தூவிய நவம்பர் 2 அங்கே விடிந்து சில மணி நேரத்தில், அவளுடைய தாயார் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டு மேடையில் மெழுகுவத்திகளுக்கு நடுவே அந்தப் பாட்டியின் படமும், அதன் பக்கத்தில், எங்கள் மகள் என்றோ கொடுத்துவிட்டு வந்த என் மாமனாரின் படமும் இருந்தன. முன்னால் ஒரு தட்டில் சோறும் பருப்பும். அந்தத் தனி வாணலியில் சமைத்தது, மிளகாய் சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தார்.

இரவு நெடுநேரமாகிவிட்டிருந்தது. உறங்கப் போன மாமியாரை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கைப்பேசியை அருகில் வாங்கி, படத்தை ஓர் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தண்ணீர் வைத்திருக்கிறார்கள்" என்றார்.